கனடா வீட்டுக்கு மரத்தரை: பலகையையும் பூச்சையும் தேர்ந்தெடுக்கும் முறை

டொரன்டோவிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் முதல் வீடு வாங்கும் தமிழ்க் குடும்பங்கள் பல, குடிபோவதற்கு முன்பே பழைய கம்பளத்தை உரித்தெடுத்துவிட்டு மரத்தரை போட நினைக்கின்றன. சிமெண்டுத் தரையிலும் மொசைக்கிலும் டைல்ஸிலும் நடந்து வளர்ந்த நமக்கு இது பழக்கமில்லாத பொருள். கடைக்குள் நுழைந்தால் சுவர் முழுக்க மாதிரிப் பலகைகள் தொங்கும். விற்பனையாளர், என்ன நிறம் வேண்டும் என்று கேட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார். அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். தரை எந்த மாடியில் வரப்போகிறது, அதன் கீழே என்ன இருக்கிறது, பலகை முழுமரமா அடுக்கு மரமா, அது எந்த மரம், அதன்மேல் ஆலையில் என்ன பூசியிருக்கிறார்கள், அந்தப் பூச்சு தேய்ந்தபின் எப்படிச் செப்பனிடுவது என்ற கேள்விகளையெல்லாம் முடித்த பிறகு நிறத்துக்கு வந்தால் போதும். அந்த வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன்.

முதல் படி: இடத்தைப் பாருங்கள்

இங்குள்ள தனி வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டத்தில் எழுப்பப்பட்டவை. தரைத்தளத்திலும் மேல்மாடியிலும் மர விட்டங்களின் மேல் பிளைவுட் அல்லது ஓ.எஸ்.பி. (மரச்சீவல்களை ஒட்டி அழுத்திய) பலகை அடித்திருக்கும், அதன்மேல் எந்த வகை மரத்தரையும் போடலாம். பேஸ்மென்ட் அப்படியன்று. மண்ணுக்குக் கீழே இருக்கும் கான்கிரீட் எத்தனை ஆண்டு பழையதானாலும் கீழிருந்து ஈரத்தை மேலே விட்டுக்கொண்டே இருக்கும் என்பதால், அங்கே முழுமரப் பலகை போடுவதை உற்பத்தியாளர்கள் அனுமதிப்பதில்லை. அடுக்கு மரத்தைச் சில நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. அதற்கும் ஈரத்தடுப்பு விரிப்பு வேண்டும். அடுக்குமாடி வீடாக இருந்தால் கீழே கான்கிரீட் பலகம் இருக்கும். அதோடு கீழ்வீட்டுக்காரருக்குக் காலடிச் சத்தம் கேட்காதபடி எந்த அளவு ஒலித்தடுப்பு விரிப்பு போட வேண்டும் என்று கட்டட நிர்வாகம் விதி வைத்திருக்கும். அந்த விதியை எழுத்தில் வாங்கிய பிறகே பலகை பார்க்கக் கிளம்புங்கள்.

மரம் அறுபட்ட பிறகும் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கி விரிவதும், விட்டுச் சுருங்குவதுமாகவே இருக்கும். 5 அங்குல அகலமுள்ள சாதாரண அறுப்புச் செவ்வோக் (சிவப்பு ஓக் மரம்) பலகையில் ஈரம் 4 விழுக்காடு குறைந்தால், அதன் அகலம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் குறையும். இரண்டேகால் அங்குலப் பலகையாயின் அதில் பாதிகூட இராது. நீளவாக்கில் மாற்றம் கணக்கில் எடுக்கவே தேவையில்லாத அளவு. ஒன்டாரியோவின் கோடை புழுக்கமானது. குளிர்காலத்திலோ சூடாக்கும் கருவி ஓடி ஓடி வீட்டுக் காற்றை உலர்த்திவிடும். எங்கள் வீட்டில் தரை போட்ட முதல் ஜனவரியில் பலகைகளுக்கு நடுவே தபால் அட்டை நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்தது. ஏமாற்றிவிட்டார்கள் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். ஜூன் மாதம் இடைவெளிகள் தாமாக மூடிக்கொண்டபோது அவரிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. குளிர்காலத்தில் ஈரப்பதமூட்டியை ஓடவிட்டு, வீட்டின் ஈரப்பதத்தை ஆண்டு முழுவதும் 30 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைத்திருந்தால் இந்தக் கவலை பெருமளவு இராது. அதைச் செய்ய மனமில்லாதவர்கள் அகலப் பலகையின் மீது ஆசைப்படக் கூடாது.

இரண்டாம் படி: முழுமரமா, அடுக்கு மரமா

முழுமரப் பலகை என்பது மேலிருந்து கீழ்வரை ஒரே மரத்துண்டு. வழக்கமான கனம் முக்கால் அங்குலம், அதாவது 19 மில்லிமீட்டர். பக்கவாட்டில் ஒருபுறம் நாக்கும் மறுபுறம் காடியும் வெட்டியிருப்பார்கள். ஒன்றை ஒன்றில் செருகி, நாக்கின் வழியாகச் சாய்வாக ஆணி அடிப்பதால் மேலே ஆணித்தலை தெரியாது. நாக்குக்கு மேலே உள்ள மரத்தின் கனத்தைப் பொறுத்துத்தான் ஒரு தரையைப் பின்னாளில் எத்தனை முறை தேய்த்துப் புதிதாக்கலாம் என்பது அமையும். ஒரு முழுத் தேய்ப்பில் முக்கால் மில்லிமீட்டர் அளவு மரம் போகும். அதனால் முழுமரத் தரை பல தேய்ப்புகளைத் தாங்கும்.

அடுக்கு மரத்தில் மேலே உண்மையான மரத்தின் மெல்லிய ஏடு. அதன் கீழே குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய பிளைவுட் அடுக்குகள், அல்லது அழுத்திய மரநார்ப் பலகை. குறுக்கு அடுக்குகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் விரிவும் சுருக்கமும் குறைவு. கான்கிரீட்டின் மேலும், வெந்நீர்க் குழாய் ஓடும் சூட்டுத்தரையின் மேலும், 7 அங்குலத்துக்கு மேற்பட்ட அகலத்திலும் இதுவே நம்பத்தகுந்தது. இதை மலிவுச் சரக்கு என்று எண்ண வேண்டாம். நல்ல அடுக்கு மரம் முழுமரத்தைவிட விலை கூடுதலாகவும் இருக்கும். விலையைத் தீர்மானிப்பது மேலேட்டின் கனம். அது 4 மில்லிமீட்டர் இருந்தால் இரண்டு, மூன்று முறை தேய்க்கலாம். 2 மில்லிமீட்டர் என்றால் கைதேர்ந்தவர் ஒருமுறை தேய்க்கலாம். அதற்கும் குறைந்தால் தேய்க்கும் பேச்சே வேண்டாம். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருப்பது பலகையின் மொத்தக் கனம்தான், மேலேட்டின் கனமன்று. கடையில் ஒரு பலகையைக் கேட்டு வாங்கி, அதன் வெட்டுமுகத்தைக் கண்ணால் பாருங்கள்.

அடுக்குகளை ஒட்டும் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு வெளியேறக்கூடும். அமெரிக்காவில் 2018 முதலும் கனடாவில் 2023 ஜனவரி முதலும் இதற்குச் சட்டப்படி வரம்பு உண்டு. அந்த வரம்புக்கு உட்பட்டது என்று பெட்டியின் சீட்டில் அச்சிட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

இவ்விரண்டின் பக்கத்திலேயே லாமினேட்டும் வைனைல் பலகையும் அடுக்கியிருப்பார்கள். லாமினேட் என்பது மரத்தின் படத்தை அச்சிட்ட தாளை நார்ப்பலகையில் ஒட்டி, மேலே பிசின் பூசியது. வைனைல் என்பது பிளாஸ்டிக். இரண்டுக்கும் அவற்றுக்குரிய பயன் உண்டு. ஆனால் தேய்த்துப் புதிதாக்க அவற்றில் மரம் கிடையாது.

மூன்றாம் படி: மரம் எது

கடையில் ஜான்கா எண் என்று ஒன்றைச் சொல்வார்கள். ஆஸ்திரிய ஆய்வாளர் கேப்ரியல் ஜான்கா 1906இல் வகுத்த சோதனை அது: 11.28 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டு பாதியளவு மரத்துக்குள் இறங்க எத்தனை பவுண்டு விசை வேண்டும் என்பதே அந்த எண். செவ்வோக்குக்கு 1290, வெள்ளோக்குக்கு 1360, கடின மேப்பிளுக்கு 1450, ஹிக்கரிக்கு 1820, அமெரிக்க வால்நட்டுக்கு 1010. நம் தேக்கு இந்த வரிசையில் வால்நட்டின் அருகில்தான் நிற்கும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். தேக்கின் பெருமை கடினத்தில் இல்லை, எண்ணெய்ப் பசையிலும் கறையான் தின்னாத தன்மையிலும் இருக்கிறது. இந்த எண் பள்ளம் விழுவதைப் பற்றி மட்டுமே சொல்லும். அம்மிக்குழவி கைதவறி விழுந்தால் ஹிக்கரியிலும் பள்ளம் விழும். கீறலைப் பற்றி ஜான்கா எண் எதுவும் சொல்வதில்லை. கீறல் முதலில் விழுவது பூச்சில்.

வெள்ளோக்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்று கடைகளில் அதிகம் காட்டப்படுவது அதுதான். அதன் நுண்துளைகளை மரமே ஒருவகைச் சவ்வால் அடைத்துவைத்திருக்கிறது. விஸ்கிப் பீப்பாய்களை அதில் செய்வதற்கு அதுவே காரணம். செவ்வோக்கில் துளைகள் திறந்திருக்கும். சமையலறைக்கும் வாசல் நடைக்கும் வெள்ளோக் பொருந்தும் என்று நான் சொல்வது இதனால்தான். ஆனால் அதில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் மிகுதி. நெல்லிக்காயை இரும்புக் கத்தியால் நறுக்கினால் கறுத்துப்போகிறதல்லவா, அதே வேதிவினை இங்கும் நடக்கும்: பூச்சு தேய்ந்த இடத்தில் ஈரமான தோசைக்கல்லை வைத்தெடுத்தால் கருவட்டம் விழும். அந்தக் கறை மரத்துக்குள் இறங்கிவிடுவதால் துடைத்துப் போக்க முடியாது.

மேப்பிளின் ரேகை நெருக்கமானது, வெளிர்நிறமானது. கூடைப்பந்து ஆடுகளங்களுக்கு வழக்கமான மரம் அது. அதன் குறை, சாயத்தைச் சீராகக் குடிக்காது என்பது. கருஞ்சாயம் பூசிய மேப்பிளில் திட்டுத்திட்டாக நிறம் வேறுபடுவதோடு, சிறு கீறல் விழுந்தாலும் அடியிலுள்ள வெள்ளை மரம் பளிச்சென்று தெரியும். மேப்பிள் வாங்கினால் அதன் இயல்பான நிறத்திலேயே வாங்குங்கள். வால்நட் வெயில்பட்டு நாளடைவில் வெளிறும். செர்ரி வகைகள் கருக்கும். முதல் ஆண்டில் ஒரே இடத்தில் விரிப்பு கிடந்தால், எடுக்கும்போது அதன் வடிவம் தரையில் நிழலாக நிற்கும்.

ஒரே மரமும் அறுக்கும் முறையால் வேறுபடும். சாதாரண அறுப்பில் கோபுர வளைவுகளாக ரேகை தெரியும். கால்வட்ட அறுப்பில் ரேகைகள் நேர்கோடுகளாக ஓடும், ஓக்கில் இடையிடையே வெள்ளி மின்னலும் தெரியும். கால்வட்ட அறுப்புப் பலகை, அகலவாக்கில் சாதாரண அறுப்பின் பாதியளவுதான் அசையும். மரம் அதிகம் வீணாவதால் விலை கூடுதல். ஓக்கைக் கிளியர், செலக்ட், நம்பர் 1 காமன், நம்பர் 2 காமன் என்று தரம் பிரிக்கிறார்கள். இது தோற்றத்துக்கான தரம் மட்டுமே. கணுவும் நிறவேறுபாடும் உள்ள நம்பர் 2 பலகையின் உறுதி குறைந்ததன்று. குழந்தைகள் ஓடும் வீட்டில் கணுக்கள் நிறைந்த தரை பல குறைகளை மறைத்துக்கொள்ளும்.

நான்காம் படி: ஆலைப் பூச்சு

மரத்தைப் பற்றி இவ்வளவு பேசினாலும் நம் பாதம் படுவது பூச்சின் மீதுதான். இங்கேதான் நேரம் செலவிட வேண்டும்.

இன்று கடையில் கிடைக்கும் பூச்சுப் பலகைகளில் பெரும்பாலானவை அலுமினியம் ஆக்சைடு கலந்த யூரித்தேன் என்னும் பிசின் பூச்சு உடையவை. மாணிக்கமும் நீலக்கல்லும் அலுமினியம் ஆக்சைடின் படிகங்களே. உப்புத்தாளில் மரத்தைத் தேய்க்கும் பொடியாக வருவதும் பெரும்பாலும் இதுதான். இதை நுண்துகளாக்கிப் பூச்சில் கலந்து, பல படலங்களாகப் பூசி, ஒவ்வொரு படலத்தையும் புற ஊதா விளக்கின் கீழ் சில நொடிகளில் இறுக வைக்கிறார்கள். வீட்டில் கையால் பூசும் எந்த வார்னிஷும் தேய்மானத்தில் இதற்கு ஈடாகாது. வீட்டுக்குள் பூச்சு நெடி இல்லை, தரை போட்ட அன்றே நடக்கலாம் என்பவையும் இதன் நன்மைகள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பூச்சு ஏற்கெனவே ஏறிய பலகைகளைப் பதித்தபின் மேலே தேய்த்துச் சமப்படுத்த முடியாதாகையால், பக்கத்துப் பலகையோடு ஏற்படும் மயிரிழை ஏற்றத்தாழ்வை மறைக்க விளிம்புகளைச் சற்றே சரித்து வெட்டியிருப்பார்கள். அந்தச் சிறு பள்ளங்களில் அரிசி மாவும் தூசியும் போய் உட்காரும். ஆழமான கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் தொட்டுச் சரிசெய்ய இயலாது. பலகையையே மாற்ற வேண்டும். முழுத்தரையையும் தேய்க்கும் காலம் வந்தால், உப்புத்தாளின் பொடியே பூச்சாக இருப்பதால் சாதாரணத் தாள் விரைவில் மழுங்கும். தேய்ப்பவரின் கூலி ஏறும். மேலே மெருகெண்ணெயோ மெழுகோ தடவினாலும் பின்னால் புதுப் பூச்சு ஒட்டாது. ஆகவே தரை பளபளக்கும் என்று விற்கும் எந்தக் குப்பியையும் இதன்மேல் ஊற்றாதீர்கள்.

25 ஆண்டு, 50 ஆண்டு உத்தரவாதம் என்று பெட்டியில் இருக்கும். அதை வாசித்துப் பாருங்கள். பெரும்பாலும் அந்த உத்தரவாதம், பூச்சு முழுதாகத் தேய்ந்து அடிமரம் தெரிந்தால் மட்டுமே செல்லும். கீறல், பள்ளம், மங்கல், நீர்க்கறை ஆகியவை அதில் சேரா. வீட்டின் ஈரப்பதம் குறித்த எல்லைக்குள் இருந்திருக்க வேண்டும் என்றும் ஒரு வரி இருக்கும். ஆண்டுக் கணக்கை வைத்து இரண்டு பலகைகளை ஒப்பிடுவதில் பயனில்லை என்பது என் கருத்து.

இரண்டாவது வகை எண்ணெய்ப் பூச்சு. ஆளிவிதை எண்ணெய் போன்ற தாவர எண்ணெய்களோடு கார்னௌபா முதலிய கடின மெழுகுகளைச் சேர்த்துச் செய்வது. மேலே படலமாக நிற்காமல் மரத்துக்குள் ஊறும். ஆலையிலேயே புற ஊதாவில் இறுக்கிய எண்ணெய்ப் பலகைகளும் உண்டு. கண்ணாடித்தாள் ஒட்டியது போன்ற மினுக்கம் இல்லாமல், வெறுங்காலுக்கு மரத்தை மிதிக்கும் உணர்வைத் தருவது இதுவே. யூரித்தேனைவிடக் கறை எளிதில் படும்; சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பராமரிப்பு எண்ணெய் தடவ வேண்டும். ஆனால் கறைபட்ட ஓர் அடி இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய் தடவித் துடைத்தால் சரியாகிவிடும். தரையைத் தானே பேணும் பழக்கமுள்ளவருக்கு எண்ணெய், மறந்துவிடுபவருக்கு யூரித்தேன். மஞ்சளும் நல்லெண்ணெயும் நாள்தோறும் சிந்தும் சமையலறைக்கு எண்ணெய்ப் பூச்சை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அக்ரிலிக் ஊட்டிய மரம் என்று மூன்றாவதாக ஒன்று உண்டு. வெற்றிடத்திலும் அழுத்தத்திலும் பிசினை மரத்தின் துளைகளுக்குள் ஏற்றுவார்கள். கடைத்தெருக்களுக்கும் அலுவலகங்களுக்கும் ஏற்றது, வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. பூச்சில்லாத பலகையை வாங்கிப் பதித்தபின் தேய்த்துப் பூசும் பழைய முறையும் இருக்கிறது. விளிம்புச் சரிவில்லாத ஒரே சமதளம் வேண்டுபவர்கள் அதைத் தேர்வார்கள். எண்ணெய் சார்ந்த பாலியூரித்தேன் மஞ்சளோடும், படலத்துக்கு ஒரு நாள் காய வேண்டும்; நீர் சார்ந்தது நிறம் மாறாது, சில மணி நேரத்தில் காயும். எதுவானாலும் சில நாட்கள் வீட்டைவிட்டு வெளியே தங்க வேண்டியிருக்கும்.

பளபளப்பின் அளவும் மேற்பரப்பின் வேலைப்பாடும் பூச்சோடு சேர்ந்தவையே. அதிகப் பளபளப்பு, கீறலையும் கால் தடத்தையும் விளக்கு வைத்துக் காட்டும். பளபளப்பில்லாத மேட் பூச்சும் மிதமாக மின்னும் சாட்டின் பூச்சும் அவற்றை மறைக்கும். கம்பித் தூரிகையால் மரத்தின் மென்பகுதியைச் சுரண்டியெடுத்து ரேகையை மேடாக்கிய ஓக் பலகையில் புதுக் கீறல் ரேகையோடு கலந்துவிடும். எங்கள் வீட்டு வரவேற்பறையில் பளபளக்கும் கருநிறத் தரை. இரண்டாவது வாரத்தில் பேரன் இழுத்த நாற்காலி போட்ட கோடு இன்றுவரை வாசலிலிருந்தே தெரிகிறது.

ஐந்தாம் படி: மாதிரியை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்

உள்ளங்கையளவு மாதிரியைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. இரண்டு மூன்று முழுப் பலகைகளைக் கேட்டு வாங்கி, போடப்போகும் அறையிலேயே காலையிலும் மாலையிலும் விளக்கொளியிலும் பாருங்கள். பிறகு ஒரு பலகையைச் சோதனைக்கு விட்டுவிடுங்கள்: மஞ்சள் குழைத்த எண்ணெய் ஒரு துளி, சாம்பார் ஒரு துளி, சற்று நீர் ஆகியவற்றை இரவு முழுவதும் வைத்து, காலையில் துடைத்தால் அந்தப் பூச்சைப் பற்றி விற்பனையாளர் சொல்லாத செய்திகள் தெரியவரும்.

ஆறாம் படி: சரக்கு வந்ததும்

அறையின் பரப்பைவிட 5 முதல் 10 விழுக்காடு கூடுதலாக, எல்லாம் ஒரே தயாரிப்புத் தொகுதியாக வாங்குங்கள். பெட்டிகளைக் கராஜில் வைக்காமல், தரை போடும் அறையிலேயே உற்பத்தியாளர் சொல்லும் நாட்கள் வரை வைத்திருங்கள். பணியாளர் ஈரமானியால் அடிப்பலகையையும் மரத்தையும் உங்கள் கண்முன் அளக்க வேண்டும். அமெரிக்காவின் தேசிய மரத்தரைச் சங்கத்தின் வழிகாட்டலில், 3 அங்குலத்துக்குக் குறைந்த அகலப் பலகைக்கு இரண்டின் ஈரமும் 4 விழுக்காட்டுக்கு மேல் வேறுபடக் கூடாது, அதற்கு மேற்பட்ட அகலத்துக்கு 2 விழுக்காடே எல்லை. அளந்த எண்களையும் தேதியையும் எழுதி வையுங்கள். பின்னால் வழக்கு வந்தால் அதுதான் பேசும்.

பல பெட்டிகளை ஒன்றாகத் திறந்து, நிறங்களைக் கலந்து பரப்பிப் பார்த்த பின்பே ஆணி இறங்கட்டும். கண்ணுக்குத் தெரியும் குறையுள்ள பலகையைப் பதித்துவிட்டால், நீங்கள் அதை ஏற்றுக்கொண்டதாகவே நிறுவனங்கள் கருதும். சுவரோரம் விடும் இடைவெளி தவறன்று. மரம் விரிய அது வேண்டும், ஓரப்பட்டி அதை மறைத்துவிடும்.

ஏழாம் படி: நம் வீட்டுப் பழக்கங்கள்

செருப்பை வாசலில் கழற்றும் பழக்கம் மரத்தரைக்குப் பெரும் பாதுகாப்பு. குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பும் மணலும் உள்ளே வராது. வாளியில் நீரெடுத்துத் தரையைக் கழுவிவிடும் பழக்கத்தைத்தான் கைவிட வேண்டும். தூசியை உறிஞ்சிவிட்டு, பிழிந்து ஈரம் மட்டும் நிற்கும் துணியால் துடைத்தால் போதும். நீராவித் துடைப்பானும் வினிகர் கலந்த நீரும் பூச்சைக் கெடுக்கும். பூசை மாடத்தின் கீழே விளக்கின் எண்ணெய் சொட்டுமிடத்தில் ஒரு பித்தளைத் தாம்பாளத்தையும், கிரைண்டரின் அடியில் தடித்த பாயையும் வையுங்கள். நாற்காலிக் கால்களுக்குக் கம்பளி ஒட்டுகளை ஒட்டி, தேயத்தேய மாற்றுங்கள்.

மிஞ்சிய ஒரு பெட்டியை அதன் சீட்டோடு எடுத்துவைப்பது நல்லது. அதையும் கராஜிலோ பேஸ்மென்ட்டிலோ போடாமல், தரை இருக்கும் அதே மாடியில் கட்டிலின் கீழே தட்டையாக வையுங்கள். பத்தாண்டு கழித்து ஒரு பலகையை மாற்றும்போது, வளையாமலும் அறையின் ஈரத்தோடு ஒத்தும் இருக்கும்.